பரீட்சைக் காலத்து நாள் கணக்கு

(நமது சங்கத்தின் மும்பை அங்கத்தினர்கள் தை மாதத்தில் நடத்திய மாணவர் – பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்து படிக்க வேண்டிய பிள்ளைகளை, எப்படிப் படிப்பது என்று கேட்பதற்காக இங்கே அழைத்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

இந்த ஊரில் 31 வருஷம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். அந்த நாட்களில் என் கண்ணில் பட்ட டைம்டேபிள்கள் எத்தனையோ. கலர் பென்சிலில் கட்டம் போட்டவை, கம்ப்யூட்டரில் அச்சடித்தவை, அப்பா ஆபீஸ் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவை! அவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. பிள்ளைக்குச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் கணக்கு டீச்சர். எனக்குத் தெரிந்தது கூட்டலும் கழித்தலும்தான். அந்த டைம்டேபிள்களில் கூட்டல் தப்பாக இருந்தது.

காலை 5 மணி முதல் 8 வரை பிஸிக்ஸ், அரை மணியில் குளியல், டிபன், பிறகு 1 மணி வரை கணக்கு, சாப்பிட்டுவிட்டு 6 வரை கெமிஸ்ட்ரி, மறுபடி இரவு 11 வரை. கூட்டினால் 14 மணி நேரம் வரும். அதில் வாசல் மணி அடிப்பது இல்லை, குழாயில் தண்ணீர் வரும் நேரம் இல்லை, தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது இல்லை, ஒரு கணக்கு வராமல் முக்கால் மணி நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை. முதல் நாள் 14-ல் 7 நடக்கும். பாக்கி 7 மறுநாள் கணக்கில் ஏறும். மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே பிள்ளைக்குப் பிடிக்காது. கடனாளிக்குப் பாஸ்புக்கைப் பார்க்கப் பிடிக்குமா?

ஆகையால் குழந்தைகளே, முதல் மூன்று நாள் டைம்டேபிளே போடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில், எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், நடுவில் என்ன செய்தேன் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். மூன்று நாள் கழித்துக் கூட்டிப் பாருங்கள். நிஜமாகப் புத்தியைச் செலுத்திப் படித்த நேரம், விடுமுறையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு நாளுக்கு 5, 6 மணிதான் வரும். நல்ல கவனம் உள்ளவர்களுக்கு 7. குறைவாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். கையில் உள்ள முதல் அதுதான், அதை வைத்துத்தான் வியாபாரம்.

இனி செலவுக் கணக்கு. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கு – பிஸிக்ஸ் – கெமிஸ்ட்ரி எடுத்த பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பரீட்சை பிப்ரவரி நடுவில் ஆரம்பமாகும். ஜனவரி நடுவிலிருந்து பார்த்தால் 30 நாள். பிராக்டிகல், ஒரு ஜுரம், தவிர்க்க முடியாத ஒரு விசேஷம் என்று 5 நாளைக் கழியுங்கள். 25 நாள். தினம் 6 மணி என்றால் 150 மணி நேரம். இங்கிலீஷுக்கும் ஐந்தாவது பாடத்துக்கும் 26 மணி ஒதுக்கினால் மிச்சம் 124. மூன்று பெரிய பாடங்களுக்கும் தலா இரண்டு மாதிரி வினாத்தாள். எழுத 3 மணி, திருத்தி ஆராய 1 மணி. ஆக 24 மணி. மிச்சம் 100. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் கணக்கில் 13 பாடம், பிஸிக்ஸில் 14, கெமிஸ்ட்ரியில் 10, மொத்தம் 37. நூறை 37-ஆல் வகுத்தால் ஒரு பாடத்துக்கு 2 மணி 42 நிமிஷம்.

இந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திட்டம் என்ற பேச்சே. ‘எல்லாப் பாடத்தையும் இன்னும் மூன்று தடவை படிக்கிறேன்’ என்று சொல்லும் பிள்ளைக்கு, ஒரு தடவைக்கு 54 நிமிஷம்தான் இருக்கிறது என்று அப்போது தெரியும். ‘இன்னும் ஒரு மாசம் இருக்கே’ என்று ஊஞ்சலில் ஆடும் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த 2 மணி 42 நிமிஷத்தை எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடவும் கூடாது. கணக்குத் தாள் 80 மார்க். அதில் கால்குலஸ் மட்டும் 35. லீனியர் புரோகிராமிங் 5. ஆனால் நம் பிள்ளைகள் ரிவிஷன் என்றால் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். முதல் பாடம் ரிலேஷன்ஸ் அண்ட் ஃபங்ஷன்ஸ் ஐந்து தடவை படித்திருக்கும். ஒன்பதாவது பாடம் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் பக்கம் புத்தகக்கடை வாசனையோடு இருக்கும். பாடங்களின் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதி, நன்றாகத் தெரிந்ததற்கு ஒரு டிக், சுமாருக்கு ஒரு புள்ளி, பயத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். பெருக்கல் குறியும் பெரிய மார்க்கும் எங்கே சேர்ந்து வருகிறதோ அங்கே ஆரம்பியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், செம்பூர்ப் பக்கம் வீடு, மிகவும் நல்ல பிள்ளை. அவன் டைம்டேபிள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை மையில் டிக். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைக் காட்டுவாள். பள்ளியில் ப்ரீ-போர்டு தாள் திருத்தியபோது பார்த்தேன்: இன்டக்ரேஷன் கேள்வி ஒன்றையும் தொடவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “மிஸ், டிக் போடலேன்னா ராத்திரி அப்பா கேப்பா. அதனால போட்டுடுவேன்” என்றான். டிக் அப்பாவுக்காக, படிப்பு யாருக்காகவும் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அவன் பைக்குள் வைக்கச் சொன்னேன். அவன் அப்பாவுக்குப் போன் செய்து, பரீட்சை முடியும்வரை ராத்திரி விசாரணை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். மிச்சமிருந்த ஆறு வாரத்தில் பையன் இன்டக்ரேஷனை ஒருவாறு கரை சேர்த்தான். பிரமாதமான மார்க் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் டிக் போடுவது நின்றது.

டைம்டேபிளைப் பிள்ளையே போட வேண்டும், பிள்ளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நாளை எப்படிப் பிரிப்பது? மணி வாரியாகக் கட்டம் கட்டாதீர்கள். காலை, பிற்பகல், இரவு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் இரண்டு மணி. ஐம்பது நிமிஷம் படித்துப் பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம். எந்தப் பகுதியில் எதை முடிக்க வேண்டும் என்பதை ‘பிஸிக்ஸ்’ என்று எழுதாமல், ‘ரே ஆப்டிக்ஸ், லென்ஸ் கணக்கு 12’ என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்று அப்போதுதான் தெரியும். வாரத்தில் அரை நாள் ஒன்றும் எழுதாமல் காலியாக விடுங்கள். தவறிப்போனவை அங்கே வந்து சேரும். வேத பாடசாலையிலேயே பிரதமை, அஷ்டமி என்று அனத்யயன நாட்கள் உண்டே!

கஷ்டமான பாடத்தைப் பரீட்சை நடக்கும் நேரத்திலேயே படிப்பது நல்லது. சி.பி.எஸ்.இ. என்றால் காலை பத்தரை முதல் ஒன்றரை. மகாராஷ்டிர போர்டில் பெரும்பாலும் பதினொன்று முதல் இரண்டு. நீட் பரீட்சை மத்தியானம் 2 முதல் 5. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வருஷம் முழுவதும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கண்ணயரும் பிள்ளை, அந்த ஒரு நாள் மட்டும் அதே இரண்டு மணிக்கு 180 நிமிஷத்தில் 180 கேள்வி போட வேண்டும். உடம்பு கேட்குமா? ஒரு மாதம் முன்பிருந்தே அந்த நேரத்தில் உட்காரப் பழக்க வேண்டும். சி.ஏ. எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கும் பரீட்சை மத்தியானம்தான்.

இப்போது நம் வீடுகளில் சண்டை மூளும் விஷயத்துக்கு வருகிறேன். “விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி, பிரம்ம முகூர்த்தம்.” சொல்லாத தாத்தா பாட்டி உண்டா? நானும் சாஸ்திரத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முகூர்த்தம் என்பது 48 நிமிஷம். சூரியோதயத்துக்கு இரண்டு முகூர்த்தம், அதாவது 96 நிமிஷம் முன்னால் பிரம்ம முகூர்த்தம் ஆரம்பம். பிப்ரவரி நடுவில் மும்பையில் சூரியோதயம் ஏழு மணியை ஒட்டி. அப்படியானால் இங்கே பிரம்ம முகூர்த்தம் சுமார் ஐந்தரைக்குத்தான். கல்கத்தாவில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்குச் சுமார் நாலரை. நாலு மணி என்பது எந்த ஊர்க் கடிகாரமோ!

வேடிக்கை இருக்கட்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு தினம் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-ல் கூறியிருக்கிறது. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராதது எல்லாம் திமிர் இல்லை. பகலில் படித்தது மனதில் ஊன்றுவதும் தூக்கத்தில்தான். பன்னிரண்டு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால், எழுப்பியவருக்குத் திருப்தி, அவ்வளவுதான். விடியலில் படிக்க ஆசையென்றால் ஒன்பதரைக்குப் படுக்கட்டும், வீடும் ஒன்பதரைக்கு அடங்கட்டும். டில்லியில் இருப்பவர்கள் ஜனவரிக் குளிரில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு ஐந்து மணிக்குப் படிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி படித்துப் பழகிய பிள்ளை, பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பிருந்து தினம் கால் மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பழகினால் போதும். ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

அடுத்தது, படிப்பது என்றால் என்ன. புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் பேனாவால் கோடிட்டு, நாலாவது தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தெரிந்த முகம், பெயர்தான் வராது. கல்யாண வீட்டில் நமக்கு நடக்கிறதே, அதுபோல. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு கோஷ்டி இரண்டாம் முறையும் வாசித்தது. இன்னொரு கோஷ்டி இரண்டாம் முறை வாசிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 42 சதவிகிதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. சந்தை சொல்லும் முறையில் குரு ஒரு தடவை சொல்ல, சிஷ்யன் புத்தகம் இல்லாமல் இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறான். நம்மவர்களுக்கு இது புதிதில்லை.

ஆகவே ஒவ்வொரு பகுதியின் கடைசிப் பத்து நிமிஷம் புத்தகத்தை மூடி, படித்ததை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நாளைய பாடம். அதே பாடத்தை மறுநாள் ஒரு பத்து நிமிஷம், நாலாம் நாள் ஒரு பத்து நிமிஷம், அடுத்த வாரம் ஒரு தடவை தொட வேண்டும். தேதியைப் பாடத்தின் தலைப்பிலேயே பென்சிலில் குறித்துவிடுங்கள். கணக்கை மட்டும் சந்தை சொல்லி மனப்பாடம் செய்ய முடியாது. 2024-25 முதல் பன்னிரண்டாம் வகுப்பிலும் பாதிக்குப் பாதி, படித்ததைப் பிரயோகிக்கும் கேள்விகள். அதற்குத் தப்பு நோட்டு ஒன்று போடுங்கள். எந்தக் கணக்கில் எங்கே சறுக்கினேன் என்று ஒரு வரி. பரீட்சைக்கு முந்தின நாள் நூறு பக்க கைடை விட அந்த எட்டுப் பக்க நோட்டு உதவும்.

மாதிரித்தாளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 180 நிமிஷத்தில் 80 மார்க். ஒரு மார்க்குக்கு இரண்டேகால் நிமிஷம். ஐந்து மார்க் கேள்விக்குப் பதினொன்றேகால் நிமிஷம் ஆகிவிட்டால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக வேண்டும். இது ஹாலில் போய்க் கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை.

பெரியவர்களுக்கு இரண்டு வார்த்தை. தையும் மாசியும் நமக்கு முகூர்த்த மாதங்கள். சர்க்காருக்கோ பரீட்சை மாதங்கள். சென்னையில் ஒரு கல்யாணம் என்றால் இங்கிருந்து ரயிலில் போக ஏறக்குறைய ஒரு நாள், வர ஒரு நாள், ஜானவாசமும் முகூர்த்தமுமாக இரண்டு நாள். நாலு நாள், 24 மணி நேரப் படிப்பு. முன்னே சொன்ன ஆறு மாதிரித்தாளும் அதில் போயிற்று. யாராவது ஒருவர் போய் மொய் எழுதிவிட்டு வரலாம். அழைத்தவர்களும் “குழந்தையை ஏன் அழைச்சிண்டு வரலை?” என்று கேட்காமல் இருக்கப் பழகலாம், அவர்கள் வீட்டிலும் ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பு வரும். ஒரு ஹால், இரண்டு அறை வீட்டில் சீரியலை நிறுத்தச் சொன்னால் பாட்டிக்கு வருத்தம் வரும். அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். செல்போன் படிக்கும் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தாலும் போன்தான். அது சமையலறை அலமாரியில் இருக்கட்டும், அம்மா அப்பாவுடையதும் சேர்த்து.

‘இன்னிக்கு எத்தனை மணி நேரம் படிச்சே?’ என்று கேட்காதீர்கள். ‘நாளைக்கு என்ன பாக்கி? நான் ஏதாவது பண்ணணுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். மணியைக் கேட்டால் பதிலில் மணிதான் கிடைக்கும். பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் போர்டு பரீட்சை வருஷத்தில் இரண்டு முறை. முதல் முறை எல்லோருக்கும் கட்டாயம். மே மாதம் மூன்று பாடம் வரை மார்க்கைச் சரிசெய்துகொள்ள ஒரு சந்தர்ப்பம். இதையும் ‘அப்போ ரெண்டு தடவையும் தொண்ணூத்தஞ்சு வேணும்’ என்று இரட்டைச் சுமை ஆக்கிவிடாதீர்கள்.

இதைச் சொல்லாமல் போனால் என் மனது ஆறாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லாம் பரீட்சையால் அல்ல. ஆனாலும் நம் வீட்டில் அந்த மாதிரி இல்லை என்று எந்த வீட்டிலும்தான் நினைத்திருப்பார்கள். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது, தூங்கவில்லை, சிநேகிதர்களிடம் பேசவில்லை, ‘நான் இருந்து என்ன’ என்ற மாதிரி ஒரு வார்த்தை விழுகிறது என்றால், அன்றைக்கு டைம்டேபிள் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது: 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். குழந்தைகளே, இந்த எண் உங்களுக்கும்தான். அம்மாவிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

பரீட்சை ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு விதி. ஒரு தாள் எழுதிவிட்டு வந்ததும் விடைகளைச் சரிபார்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் விடைத்தாள் வரும், மாமாக்கள் போன் செய்வார்கள். போன பரீட்சையில் இரண்டு மார்க் போனதை எண்ணிக்கொண்டு அடுத்த பரீட்சையில் பத்து மார்க்கை விடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி, சாயங்காலம் அடுத்த புத்தகம். இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒரு வாரம் கிடைத்தால் முதல் இரண்டு நாள் அதற்கும் அடுத்து வரப்போகும் பாடத்தைக் கொஞ்சம் தொட்டுவிடுங்கள். அதற்கு நடுவில் ஒரே நாள்தான் இருக்கப்போகிறது என்றால் அப்போது கை கொடுக்கும்.

வாசலில் காபி மேஜைக்குப் பக்கத்தில் கட்டம் போடாத வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம். தலைக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து மூன்று நாளைக்கு. இப்போது கேள்விகள். முதலில் குழந்தைகள் கேட்கட்டும், மாமா மாமிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரிசையில் நீலச் சட்டை, நீ கேளு கண்ணா.